ஒயில் சூடாக்க முறிகண்டி வரை

நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டானுக்கு இரவில் வந்து பழகியவர்களுக்குத் தெரியும், வழியில் யானை நின்றால் ஹோர்ன் அடிக்கக் கூடாது, லைட்டைத் தாழ்த்திவிட்டு மெல்லப் பின்னுக்கு எடுத்து நிறுத்தி, அது தன் பாட்டில் காட்டுக்குள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். போன மாசியில் ஒரு இரவு நானும் மாமாவும் அப்படித்தான் நின்றோம். தனியன். காதை விரித்துக்கொண்டு எங்களையே பார்த்தது. நான் பிரேக்கை மிதித்தபடி கியரை ஆருக்கு (ரிவர்சுக்கு) தள்ளினேன், பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், வண்டி அசையவில்லை. எஞ்சின் ஓடுகிறது, லீவர் ஆரில்தான் நிற்கிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிக்கிற நேரத்தில் கீழே ‘டக்’ என்று ஒரு அடி கேட்டது, பிறகு ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் பின்னுக்குப் பாய்ந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. என் தொடையை இறுக்கிப் பிடித்த கையை வீடு வந்து சேரும்வரை எடுக்கவும் இல்லை.

யானை பாவம், தன் வழியில் போய்விட்டது. அந்த மூன்று செக்கன் எங்கேயிருந்து வந்தது என்று தேடுவதில்தான் எங்களுக்கு அடுத்த ஒன்றரை மாதம் போனது.

வண்டி மாமாவுடையது. பழைய ஜப்பான் ஜீப், டீசல், நாலு கியர் ஓட்டோ (கியர் தானாக மாறுகிற வகை), ஃபோர்வீல். (‘போர்வீல்’ என்று எழுதினால் வன்னியில் வேறு அர்த்தம் வந்துவிடும், அதனால் ஃ போட்டே எழுதுகிறேன்.) 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய ஜீப்புகளின் விலை ஏறிய ஏற்றத்தில், இதைக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம் என்ற பேச்சே மாமா வீட்டில் இல்லாமல் போயிற்று, 2025இல் இறக்குமதியைத் திரும்பத் திறந்தபோதும் வரியோடு கூட்டிப் பார்த்தால் புதியதை நினைக்கவே ஏலாது. ஆகவே இருப்பதை வைத்துப் பிழைக்க வேண்டும். வயலுக்குப் போவது, நெல் மூட்டை ஏற்றுவது, அறுவடைக் காலத்தில் சின்னப் பெட்டியைப் பின்னால் கொழுவி இழுப்பது, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு அரைவாசிச் சொந்தக்காரரையும் அள்ளிக்கொண்டு போவது எல்லாம் இந்த ஒரு வண்டிதான்.

யானை இரவுக்குப் பிறகு யோசித்துப் பார்த்தால், சைகை அதற்கு முன்னமே வந்திருக்கிறது. வன்னி தட்டை நிலம், இங்கே ஏற்றம் என்று சொல்ல இருப்பது குளக்கட்டுத்தான். முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஏறுகிறபோது எஞ்சின் ‘ஙொய்’ என்று சத்தம் ஏற்றும், ஆர்.பி.எம். முள்ளு மேலே போகும், வண்டி மட்டும் அதே வேகத்தில் நிற்கும். கிளச் தேய்ந்த மனுவல் வண்டி வழுக்குமே, அதே மாதிரி. சமதரையில் அந்தக் குணம் இல்லை. ஏன் ஏற்றத்தில் மட்டும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது: கியர்பெட்டி ஒயில் குறைந்தால், வண்டி மூக்கைத் தூக்கும்போது சம்ப்பில், அதாவது பெட்டியின் அடியில் ஒயில் தேங்குகிற தட்டில், இருக்கிற கொஞ்ச ஒயிலும் பின்னுக்கு ஓடிவிடும், உறிஞ்சுகிற வாய்க்குக் காற்றுத்தான் கிடைக்கும்.

அடுத்த நாள் காலை முதல் வேலையாகப் பொன்னெட்டைத் திறந்தேன். ஓட்டோ வண்டிகளில் எஞ்சின் ஒயில் கம்பி முன்னுக்குக் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும், கியர் ஒயில் கம்பி பின்னால், கண்ணாடிக்குக் கீழே இருக்கிற தகட்டுச் சுவரோடு ஒட்டி, நீளமான ஒரு குழாய்க்குள் போயிருக்கும். இழுத்தேன். துடைத்தேன். திரும்பச் செருகி இழுத்தேன். மேல் அடையாளத்தையும் தாண்டி ஒயில் நின்றது. “மாமா, ஒயில் தாராளமாக் கிடக்கு, இது வேற வருத்தம்” என்று நம்பிக்கையோடு சொன்னேன். அந்த நம்பிக்கையில் இன்னும் பத்து நாள் ஓடினோம். இந்தப் பத்து நாள்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மாங்குளத்தில் ஒரு மெக்கானிக் அண்ணை இருக்கிறார். தொண்ணூறுகளில் எண்ணெய்த் தடை இருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய ஒஸ்ரின் ஏ 40 கார்களுக்குக் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணிப் பண்ணியே தொழில் பழகியவர். அந்தக் காலத்தில் வேலை பழகிய வன்னி மெக்கானிக்மார் தனிச் சாதி, உதிரிப்பாகம் இல்லை என்று வேலையைத் திருப்பி அனுப்பிப் பழக்கமே இல்லாதவர்கள். ஆனால் ஓட்டோ கியர் அவர்களுக்கும் பிந்தி வந்த சாமான்தான், 2009க்குப் பிறகு ஏ9 வழியாக வண்டிகள் வந்து குவியத் தொடங்கியபோதுதான் இதைக் கழற்றிப் பார்க்கிற அளவுக்குக் கைக்குக் கிடைத்தது. அவரிடம் கொண்டுபோனேன். பொன்னெட்டைத் திறக்கக்கூட இல்லை, கதை கேட்டார்.

“ஒயில் பாத்தனியோ?”

“ஓம் அண்ணை, நிறையக் கிடக்கு.”

“எப்ப பாத்தனி?”

“காலமை, எழும்பின உடன.”

“எஞ்சின்?”

“நிப்பாட்டித்தான்.”

அவர் சிரித்தார். “அது எஞ்சின் ஒயில் பாக்கிற முறை தம்பி. இதுக்கு அது செல்லாது. முறிகண்டி வரைக்கும் ஓடிப்போய், பிள்ளையாருக்கு ஒரு கற்பூரத்தைக் கொளுத்திப்போட்டு, எனக்கும் ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு வா. பேந்து பாப்பம்.”

நான் பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை. எஞ்சின் சூடு முள்ளு நடுவுக்கு வந்துவிட்டால் எல்லாம் சூடாகிவிட்டது என்று நினைப்போம், ஆனால் கியர்பெட்டிக்குள் இருக்கிற ஒயில் அதற்குப் பிறகும் நேரமெடுத்துத்தான் சூடேறும். வீட்டு முற்றத்தில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் காணாது, வண்டி உண்மையாக ஓட வேண்டும், கியர் மாற வேண்டும். ரொயோட்டாவின் கையேட்டில் அளவு பார்க்க வேண்டிய சூடு 70 முதல் 80 பாகை என்று இருக்கிறது. ஒயில் சூட்டில் விரியும், அதனால்தான் கம்பியில் ‘கூல்’ என்று ஒரு சோடி அடையாளமும் அதற்கு மேலே ‘ஹொட்’ என்று ஒரு சோடியும் இருக்கின்றன. கீழே இருக்கிற கூல் ஒரு குத்துமதிப்புக்கு மட்டும், ஒயில் மாற்றி முடித்தவுடன் பெட்டி வெறுமையாக இல்லை என்று பார்த்துக்கொள்ள. தீர்ப்பு ஹொட்டில்தான். அதே நேரம், மே மாத வெயிலில் பெட்டி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தின உடனே இழுத்துப் பார்ப்பதும் பிழை, அப்போது ஒயில் அளவுக்கு மிஞ்சிச் சூடாகி விரிந்திருக்கும், ஒரு அரை மணித்தியாலம் ஆறவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சரி, போய் வந்தேன். கொக்காவில் கோபுரத்தைத் தாண்டி முறிகண்டி, கச்சான், திரும்ப மாங்குளம். அண்ணை வண்டியைக் கராஜுக்குள் விடவில்லை. “இந்த வளவு சரிவு” என்று சொல்லி, பக்கத்தில் நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளத்துக்கு விடச் சொன்னார். வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்துத் தரையில் படுக்க வைத்தார். உருளவில்லை. திசையைத் திருப்பி வைத்தார். அப்போதும் உருளவில்லை. “இந்தா, இதுதான் மட்டம்.” ஃபோர்வீல் வண்டி உயரமானது, ரயர் பெரிது, கிரவல் வீதி ஓரத்தில் ஒரு பக்கம் அரை அடி இறங்கி நின்றால்கூட நம் கண்ணுக்குச் சமமாகத்தான் தெரியும், சம்ப்புக்குள் இருக்கிற ஒயிலுக்குத் தெரியாமல் இராது.

பிறகு ஹான்ட் பிரேக், அதற்கு மேல் பின் ரயர்களுக்கு முன்னும் பின்னும் கல். பார்க்கில் போட்டால் நிற்கும்தானே, கல் எதற்கு என்று கேட்டேன். அவர் ட்ரான்ஸ்பர் லீவரை, இரண்டு சில்லா நாலு சில்லா என்று மாற்றுகிற சின்ன லீவரை, காட்டினார், டூ எச்சில் (இரண்டு சில்லில்) ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று தானே ஆட்டிப் பார்த்தார். இதை ஃபோர்வீல் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் யோசித்திருக்க மாட்டார்கள். பார்க்கில் பூட்டுகிற கொக்கி இருப்பது கியர்பெட்டிக்குள். அதற்குப் பின்னால்தான் ட்ரான்ஸ்பர். சின்ன லீவர் தற்செயலாக நியூட்ரலில் நின்றால், பெட்டி பூட்டித்தான் இருக்கும், ஆனால் சில்லுகளுக்கும் பெட்டிக்கும் தொடர்பு இல்லை, வண்டி தன் பாட்டில் உருளும். என் மச்சான் ஒருவன் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஃபோர் எல்லிலிருந்து (நாலு சில்லு, மெதுவான கியர்) எடுக்கும்போது லீவர் இடையில் நிற்க, பார்க்கில் போட்டுவிட்டுக் குளக்கட்டில் இறங்கி நின்று போன் கதைத்துக்கொண்டிருந்தான், வண்டி அவனைக் கடந்து பின்னோக்கி வயலுக்குள் போனது. குடலைப் பயிர். வயல்காரர் இன்னும் அவனோடு கதைப்பதில்லை.

எஞ்சினை ஓடவிட்டபடி, பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு, லீவரைப் பார்க்கிலிருந்து எல் வரைக்கும் ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னார். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று செக்கன். பிறகு அதே மாதிரித் திரும்ப ஏற்றிப் பார்க்கில் விடச் சொன்னார். எஞ்சினை நிறுத்தக் கூடாது.

ஏன் ஓடவேண்டும் என்பதுதான் விஷயத்தின் வேர். ஓட்டோ வண்டியில் எஞ்சினையும் கியர்பெட்டியையும் சேர்ப்பது ஒயில். டோர்க் கன்வேர்ட்டர் என்று ஒரு உருண்டைச் சாமான், உள்ளே இரண்டு விசிறி, எஞ்சின் பக்க விசிறி ஒயிலை வீசி அடிக்க, கியர்பெட்டிப் பக்க விசிறி அந்த அடியில் சுற்றுகிறது. ஒரு மின்விசிறியைப் போட்டுவிட்டு எதிரே போடாத விசிறியை வைத்தால் அதுவும் சுற்றுமே, அப்படி. இது தவிர உள்ளே கிளச்சுகளை இறுக்குவது, கியரை மாற்றுவது, சூட்டைத் தூக்கிக்கொண்டு கூலருக்குப் போவது எல்லாம் அதே ஒயில்தான். இவ்வளவு இடத்துக்கும் ஒயிலைத் தள்ளுகிற பம்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும், மேலே போன ஒயிலில் கொஞ்சம் வடிந்து சம்ப்புக்கு வரும், கம்பியில் மட்டம் உயர்ந்து காட்டும். நான் காலையில் பார்த்தது அந்தப் பொய் மட்டத்தை. வயலுக்குப் பாய வேண்டிய தண்ணீரும் குளத்திலேயே நிற்கிறபோது குளம் நிறைந்திருக்கிறது என்று சந்தோசப்பட்ட மாதிரி.

(மாமாவுக்கு இதைச் சொன்னபோது, “அப்ப பழுதான ஜீப்பை ட்ரக்டரில கட்டி இழுத்தால்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. சில்லு தரையில் உருள இழுத்தால் பெட்டிக்குள் பாகங்கள் சுற்றும், எஞ்சின் ஓடாததால் பம்ப் ஒயில் கொடுக்காது, காய்ந்து தேயும். அவர் ஏற்கெனவே ஒருதரம் அப்படி இழுத்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது, நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.)

பொன்னெட்டுக்குள் குனிய முன், சாரம் கட்டியிருந்தால் மடித்துச் சண்டிக்கட்டுக் கட்டிவிட வேண்டும் என்று அண்ணை சொன்னார், விசிறியும் பெல்ட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன, தொங்குகிற துணி அதற்குப் பிடித்தமான சாப்பாடு. அடுத்தது குழாய் வாயைச் சுற்றித் துடைப்பது. வன்னிக் கிரவல் புழுதி எஞ்சினுக்கு மேல் ஒரு பூச்சாகவே படிந்திருக்கும், கம்பியை இழுக்கும்போது ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தால் அது வெளியே வராது. துடைக்க நான் பஞ்சு வேஸ்ட் எடுத்தேன், கையிலிருந்து பறித்து எறிந்தார். பழைய வேட்டித் துண்டு ஒன்று தந்தார், பல முறை தோய்த்து நூல் உதிராமல் மெலிந்துபோன துண்டு. பஞ்சு வேஸ்ட்டிலிருந்து ஒட்டுகிற நூல் உள்ளே போய் பில்டரில் கிடக்கலாம், அதைவிட மோசம், கியர் மாற்றுகிற வால்வுகளின் சின்ன ஓட்டைகளுக்குள் போகலாம்.

முதல் தரம் இழுப்பது கணக்கில்லை, துடைக்கத்தான். துடைத்து, கடைசி வரை அமுக்கிச் செருகி, உடனே இழுத்துப் படுக்கையாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கிற ஒயில் கம்பியின் ஒரு பக்கத்தில் தடவிவிடும், அந்தப் பக்கம் உயர்வாகத் தெரியும். திருப்பிப் பார்த்தால் மற்றப் பக்கம் தாழ்வாக இருக்கும். தாழ்வாக இருப்பதுதான் கணக்கு. எங்கள் கம்பியில் ஒரு பக்கம் ஹொட்டின் கீழ்த்துளை வரைக்கும் ஈரம், மற்றப் பக்கம் கூலின் மேல் துளைக்குக்கூட எட்டவில்லை. அண்ணை ஒன்றும் சொல்லாமல் கம்பியை என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். காலையில் நிறைந்து வழிந்த அதே பெட்டி.

ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டு நிறம் பார்த்தார், மோந்தும் பார்த்தார். நல்ல ஒயில் சிவப்பு, எஞ்சின் ஒயிலோடு மாறுபடாமல் இருக்கச் சாயம் போட்டிருக்கிறார்கள். எங்களுடையது மண்ணிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது, மாமி தோசைக்கல்லில் எண்ணெயை மறந்துவிட்டு வந்தால் வருகிற மணத்தில் கால்வாசி. “இன்னும் கருகேல்லை, ஆனா கருகப் பாத்திருக்கு. கட்டில ஏறி ஏறி வழுக்கவிட்டிருக்கிறியள்” என்றார். கறுத்து, கருகல் மணம் முகத்தில் அடித்தால் உள்ளே கிளச் தட்டுகள் எரிந்திருக்கின்றன என்று அர்த்தம், பிறகு மட்டம் சரியாக்கி ஒரு பிரயோசனமும் இல்லை. இன்னொரு நிறமும் இருக்கிறது. 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுவின் கதவுகளைத் திறந்து கிளிநொச்சிப் பக்கம் எல்லாம் தண்ணீர் நின்றபோது, அதற்குள்ளால் ஓட்டிக்கொண்டு வந்த ஒரு ஜீப்பின் கம்பியை இழுத்தபோது அசல் பலூடா நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்ததாம். தண்ணீர் கலந்த ஒயில் அப்படித்தான் இருக்கும். வெள்ளத்துக்குள் போகாத வண்டியிலும் பலூடா வரலாம், பல வண்டிகளில் கியர் ஒயில் கூலர் ரேடியேற்றருக்குள்ளேயே இருக்கிறது, அது உள்ளுக்குள் வெடித்தால் இரண்டும் கலக்கும். அந்த நிறத்தைக் கண்டால் ஓட்டிப் பார்ப்பம் என்று ஓட்டக் கூடாது.

அளவு சேர்க்கிறது தனிப் பொறுமை. கம்பி போகிற குழாயால்தான் ஊற்ற வேண்டும், நீள மூக்குப் புனல் வேண்டும். கால் லீற்றர் ஊற்றி, திரும்ப லீவரை எல்லா இடமும் நடத்தி, துடைத்து, பார்த்து, திரும்பக் கால் லீற்றர். குழாயே நனைந்து கிடப்பதால் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் பொறுக்கவும் வேண்டும். இந்த இடத்தில் எனக்கு அவசரம், ஒரு லீற்றரையும் ஒரே மூச்சில் ஊற்றினால் என்ன என்று கேட்டேன். கூடினாலும் குறைந்த மாதிரியே வண்டி நடக்கும் என்றார். அதற்கு நான் ஏற்கெனவே சாட்சி, அப்போது காரணம் தெரியவில்லை, அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன் வேறொரு வண்டிக்கு ஒரு சேர்விஸ் ஸ்ரேஷனில் காலைக் குளிரில் பார்த்துவிட்டு ஹொட் அடையாளம் வரை நிரப்பிக் கொடுத்தார்கள். ஓமந்தை தாண்ட முன்னமே கீழேயிருந்து புகை, மட்டம் மிஞ்சிய ஒயிலைச் சுற்றுகிற பற்சில்லுகள் மத்தால் மோர் கடைவதுபோலக் கடைந்து நுரையாக்கி, அந்த நுரை பிரீதர் என்கிற காற்றுப்போக்கி வழியாகச் சைலன்சர் குழாயில் வழிந்து எரிந்தது. நுரைக்குள் இருப்பது காற்று, காற்றை அமுக்கினால் அமுங்கிப் போகும், கிளச்சை இறுக்காது. குறைந்த ஒயிலுக்கு என்ன வழுக்கலோ அதே வழுக்கல்.

எந்த ஒயில் என்பதற்கும் ஒரு வரி. எங்கள் பெட்டிக்கு டெக்ஸ்ரோன் ரகம், கம்பியின் தலையிலேயே எழுதியிருக்கிறது. ஜெனரல் மோட்டர்ஸ் வைத்த பெயர் அது, டெக்ஸ்ரோன் 3க்கு அவர்கள் உரிமம் கொடுப்பதை 2006 முடிவோடு நிறுத்திவிட்டார்கள், ஆகவே இப்போது வவுனியாக் கடையில் 3 என்று எழுதி நிற்கிற போத்தல் எல்லாம் அவரவர் சொந்தப் பொறுப்பில் எழுதினது, கொஞ்சம் பெயருள்ள கொம்பனியாகப் பார்த்து வாங்குங்கள். இந்த ஒயிலின் ஆரம்பக் கலவையில் திமிங்கில எண்ணெய் இருந்தது, எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதைத் தடைசெய்த பிறகுதான் வேறு கலவைக்கு மாறினார்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்று இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். வேறு வண்டிகளுக்கு வேறு ஒயில், ரொயோட்டாவிலேயே ரீ-4 என்றும் டபிள்யூ.எஸ். என்றும் ரகம் ரகமாக இருக்கிறது, சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்று என்று ஊற்றக் கூடாது.

பார்க்கிற முறையும் வண்டிக்கு வண்டி மாறும், இது முக்கியம், மேலே சொன்னதை அப்படியே உங்கள் வண்டியில் செய்து பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். ரொயோட்டாவில் எஞ்சின் ஓட, பார்க்கில். மிற்சுபிஷி பஜேரோவில் எஞ்சின் ஓட, ஆனால் லீவர் நியூட்ரலில். கிறைஸ்லர் பெட்டி போட்ட பழைய அமெரிக்க ஜீப்புகளிலும் நியூட்ரல்தான், பார்க்கில் விட்டால் கன்வேர்ட்டருக்கு ஒயில் போகாமல் மட்டம் கூடக் காட்டும். ஹொண்டா சீ.ஆர்.வி. வைத்திருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் நேர்மாறு, சூடாக்கி, எஞ்சினை நிறுத்தி, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். 2009க்குப் பிறகு வந்த பிராடோவில் கம்பியே இல்லை. அடியில் ஒரு பிளக், குறிப்பிட்ட சூட்டில் அதைக் கழற்றினால் மிஞ்சினது வழிந்து நிற்கும், அந்தச் சூட்டை அளக்க மெஷின் வேண்டும், அதை முற்றத்தில் வைத்துச் செய்ய வெளிக்கிட வேண்டாம்.

சரி, எங்கள் ஜீப்புக்கு வருவோம். ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் கூடப் பிடித்தது. ஆர் போட்டவுடன் விழுந்தது, குளக்கட்டில் முனகாமல் ஏறியது. மாமா அன்றைக்கு நல்ல சந்தோசம். இரண்டு கிழமை கழித்து, பழக்கத்துக்காக, முறிகண்டி போய்வந்து அதே தளத்தில் பார்த்தேன். மட்டம் அரைவாசி இறங்கியிருந்தது.

லீக் என்றால் நிலத்தில் தெரிய வேண்டும். இரவில் வண்டிக்குக் கீழே பிரிட்ஜ் வந்த பெரிய மட்டையை விரித்துவைத்தேன், எங்கள் முற்றம் செம்மண், சிவப்பு ஒயில் அதில் விழுந்தால் தெரியாது. மூன்று இரவு. எஞ்சின் பக்கத்தில் ஒரு கறுப்புத் துளி, ஏ.சி. தண்ணீர் வட்டம், நாய் படுத்த அடையாளம். சிவப்பு ஒன்றுகூட இல்லை. கூலருக்குப் போகிற குழாய்களைத் தடவினேன், உலர்ந்து கிடந்தன. ரேடியேற்றரைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் பச்சையாகத்தான் இருந்தது, எண்ணெய்ப் படலம் இல்லை. எரிகிறதோ என்று பார்த்தால் புகையும் சாதாரணம். ஒயில் போகிறது, போகிற வழி இல்லை. மாமி கந்தசுவாமியாருக்கு நேர்ந்து வைக்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

அண்ணைக்குப் போன் எடுத்தேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ட்ரான்ஸ்பரைப் பாத்தனியோ?” என்றார். நான் பார்க்கவில்லை. யார் பார்க்கிறார்கள்?

கொண்டுபோனோம். மனுவல் கியர்பெட்டியில் கம்பி கிடையாது, பக்கத்தில் ஒரு பிளக், அதைக் கழற்றிச் சுண்டுவிரலை விட்டால் ஓட்டையின் கீழ் விளிம்பில் ஒயில் முட்ட வேண்டும், அதுதான் மட்டம். அவர் பழகின காலத்து முறை. ட்ரான்ஸ்பருக்கும் அதே முறைதான் இன்றைக்கும். எங்கள் ஜீப்பில் அதற்குள் இருக்க வேண்டியது தடித்த தொண்ணூறு ஒயில், தேன் மாதிரி, விரலில் பிடித்தால் நூல் இழுக்கும். அவர் கீழே படுத்து மேல் பிளக்கைத் தளர்த்தினார். விரல் விடத் தேவையே வரவில்லை. பிளக் கடைசிப் புரியில் நிற்கும்போதே ஒயில் பீறிக்கொண்டு வந்து அவர் முழங்கையால் வழிந்தது, தண்ணீர் போல மெல்லியதாக, மங்கின சிவப்பாக. கீழே வைத்த வாளியில் ஒரு லீற்றருக்கு மேல் விழுந்தபிறகுதான் நின்றது.

கியர்பெட்டியும் ட்ரான்ஸ்பரும் ஒன்றோடொன்று முதுகு ஒட்டிப் பூட்டியவை, நடுவே ஒரு தண்டு போகிறது, அந்தத் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இரண்டு ஒயிலையும் பிரித்து வைக்கிறது. அந்தச் சீல் கடினமாகி வாய் பிளந்திருக்கிறது. ஒயில் நிலத்துக்கு வரவே இல்லை, பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது. ஒரு பெட்டிக்கு ஒயில் குறைவு, மற்றதுக்கு ஒயில் கூட, கூடினதும் அதற்கு ஆகாத மெல்லிய ஒயில். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ட்ரான்ஸ்பரின் பிரீதரால் துப்பத் தொடங்கியிருக்கும், அப்போது நாங்கள் அதை ட்ரான்ஸ்பர் லீக் என்று நினைத்து அதற்கு வைத்தியம் பார்த்திருப்போம்.

ட்ரான்ஸ்பரை இறக்கி ஏற்ற ஒன்றரை நாள். சீல் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கறுப்பு வளையம், பழையதை அண்ணை எனக்குத் தந்தார், நகத்தால் சுரண்டினால் ரப்பர் பொருக்காக உதிர்கிறது. ட்ரான்ஸ்பருக்கு புதுத் தொண்ணூறு ஒயில். கியர்பெட்டியின் சம்ப்பை இறக்கி, பில்டரும் மாற்றி, புது ஒயில் விட்டோம், சம்ப்பை வடித்தால் அரைவாசி ஒயில்கூட வராது, மிச்சம் கன்வேர்ட்டருக்குள் நிற்கும், அதனால் இன்னும் சில மாதத்தில் ஒருக்கால் வடித்து விட்டால் நிறம் தெளியும் என்றார். சம்ப்புக்குள் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு கொஞ்சம், மெத்தென்று, தட்டுத் தேய்ந்த வழக்கமான மை. இரும்புத் துண்டு ஒன்றும் இல்லை. அதை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவர் முகம் தெளிந்தது.

நாலு மாதமாயிற்று. மட்டம் ஹொட்டின் இரண்டு துளைகளுக்கும் நடுவிலேயே நிற்கிறது, மட்டையில் கறுப்புத் துளி மட்டும். ஒரேயொரு மாற்றம், மாமா இப்போது கிழமைக்கு இரண்டு தரம் ஒயில் பார்க்க வேண்டும் என்கிறார், பார்க்க வேண்டுமென்றால் சூடாக்க வேண்டும், சூடாக்க முறிகண்டி வரை ஓட வேண்டும். ஜீப்புக்குள் எங்கே கை வைத்தாலும் கச்சான் கோது. போன வெள்ளிக்கிழமை மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், “உண்மையாச் சொல்லு, அந்த ஒயிலை உப்பிடி அடிக்கடி பாக்கத்தான் வேணுமோ?”

நான் அண்ணையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.